கழுவி வந்த கால்கள்

எங்கள் சபையில் ஒரு ரகசியம் உண்டு.
பெரிய வியாழன் மாலை
கால் கழுவும் ஆராதனைக்கு
எல்லோரும் வீட்டிலேயே
கால் கழுவிவிட்டுத்தான் வருவார்கள்.
சோப்புப் போட்டு, நகம் வெட்டி,
புதுக் காலுறை மாட்டிக்கொண்டு.
அழுக்கே இல்லாத பாதத்தின்மேல்
வெதுவெதுப்பாய் நாலு கை நீர்.
துவாலைகூடச் சரியாக நனையாது.

இந்த வருஷம் எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை.
வின்னிபெக்கின் வடக்குப் பக்கம்
பதினோரு மணி நேரம் பேருந்து ஓட்டிவிட்டு
சீருடையோடு,
பனிச்சேற்றில் ஊறிய பூட்ஸோடு
அடித்தள மண்டபத்தில் இறங்கினேன்.
காப்பி வாசனை. மடக்கு நாற்காலிகள்.
போதகர் ரெம்பல்
கம்பளித் தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்து
ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ட்ரூடா ஃப்ரீசன். அகனேதா பெனர்."

யாரோ இருமினார்கள்.

போன நவம்பரில்
என் மகன் கிளிஃபும் அவன் ஆந்த்ரேயும்
இந்தக் கூரையின் கீழ் மணமுடிக்கலாமா என்று
வாக்கெடுத்தார்கள்.
கூடாது என்று
முதலில் எழுந்த கை அகனேதாவுடையது.
அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு.
அந்த மூன்று ஓட்டை
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
முகம் முகமாக எண்ணியிருக்கிறேன்.

அதே கை
என் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறது இப்போது.

அவளுக்கு வலது மூட்டு எஃகு.
மண்டியிடுவதற்கு
நாற்காலியை ஒரு கையால் பிடித்தாள்,
கேட்காமலே
என் தொடையை மறு கையால்.
நான் காலை இழுத்துக்கொண்டேன்.
பேதுரு மறுத்தது தாழ்மையால் என்று
பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.
இல்லை.
யாருக்கும் கடன்பட மனமில்லாத திமிர் அது.
அதே திமிர்
என் குதிகாலில் இருந்தது, எனக்குத் தெரியும்.

காலுறை உரித்ததும் வாடை கிளம்பியது.
முகம் திருப்புவாள் என்று காத்திருந்தேன்.
திருப்பியிருந்தால்
வீட்டுக்கு எடுத்துப்போக
எனக்கு ஒன்று கிடைத்திருக்கும்.
அவள் திருப்பவில்லை.
விரலிடுக்கு ஒவ்வொன்றாக,
பாத்திரம் துலக்குகிறவளின் பொறுமையோடு.
மண்டபத்தில் அன்று
நிறம் மாறிய ஒரே தண்ணீர் எங்களுடையது.

பெருவிரல் பக்கத்துப் புடைப்பில் கை நின்றது.
"வலிக்குதா?"
"பிரேக் போடும்போது."
நவம்பருக்குப் பிறகு
நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

என் முறை வந்தது.
தடித்த பழுப்புக் காலுறைக்குள்ளிருந்து
எழுபத்துநாலு வயது,
சபை மூப்பரின் விதவை,
பத்து நகத்திலும் செக்கச்செவேலென்று பாலிஷ்.
என்னைப் பார்த்தாள்.
நான் துவாலையால் மூடினேன்.
யாரிடமும் சொல்லவில்லை, இதோ இப்போதுவரை.

பரிசுத்த முத்தம் கன்னத்தைத் தவறவிட்டு
மூக்குக்கண்ணாடியில் இடித்தது.

மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
கல்யாணம் ஜூனில், ஏரிக்கரையில்தான்.
ஐந்நூறு வருஷமாக எங்கள் ஜனம்
பின்பற்றுதல், பின்பற்றுதல் என்கிறது.
நானோ ஓட்டுநர்.
முன்னால் உட்கார்ந்தே பழகியவள்.

தண்ணீரைப் பின்வாசல் படியில் கொட்டிவிட்டுப் போனேன்.
ஏப்ரல்தான், ஆனாலும் இரவில் மைனஸ் ஒன்பது.

வெள்ளிக்கிழமை, முதல் நடை, ஆறு நாற்பது.
சபையை ஒட்டித் திரும்பும்போது பார்த்தேன்.
படி நெடுக
நாக்கு நீட்டியதுபோல் சாம்பல் நிறப் பனிக்கட்டி.
அதன்மேல் எஃகு மூட்டு மடங்காமல் குனிந்து
டப்பாவிலிருந்து உப்புத் தூவுகிறாள் அகனேதா.
ஆராதனைக்கு வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாதே.

நிறுத்தினேன்.
வண்டிக்குள் ஒரே ஒரு நர்ஸ், தூக்கத்தில்.
கதவைத் திறந்தேன். குளிர் ஏறி வந்தது.

"இங்கே நிறுத்தம் கிடையாதே" என்றாள்.
"தெரியும்" என்றேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள்,
மிச்சமிருந்த படியைப் பார்த்தாள்.
பின்னால் ஒரு கார்
ஹாரன் அடிக்கத் தொடங்கியது.